நிரந்தர வாசமும் பாஸ்போர்ட்டின் ஆயுளும்

வெளிநாடு சென்று நிலையாகக் குடியேற எண்ணுகிறவர்கள் நம்மவரிடையே பெருகியிருக்கும் இக்காலத்தில், கல்விச் சான்று, மொழித் தேர்வு, வங்கி இருப்பு ஆகியவற்றைப் பற்றித் தெருவுக்கு நாலு பேர் விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்க, கையில் உள்ள பாஸ்போர்ட் இன்னும் எத்தனை மாதம் செல்லுபடியாக வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு விடை சொல்லப்படுகிறது. ஆறு மாதம் இருந்தால் தாராளம் என்பார் ஒருவர். இரண்டு வருஷம் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே கூடாது என்பார் மற்றொருவர். காலாவதியானாலும் பாதகமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லும் ஏஜெண்டுகளும் உண்டு. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தேசத்தின் ஏதோ ஒரு விதியிலிருந்து பிய்ந்து வந்த துண்டு என்பதும், எந்த விதி எந்தக் கட்டத்துக்கு உரியது என்று பிரித்துப் பாராமையே குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இன்று நாம் அறிந்த பாஸ்போர்ட் முதல் உலக யுத்தத்தின் சிருஷ்டி. 1920-ஆம் வருஷம் அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் கூடிய மகாநாடு, 32 பக்கம் கொண்ட ஒரே மாதிரியான புத்தகத்தை எல்லா சர்க்கார்களும் வழங்க வேண்டுமென்றும், அது இரண்டு வருஷத்துக்கு, கூடுமானால் ஐந்து வருஷத்துக்குச் செல்ல வேண்டுமென்றும் தீர்மானித்தது. யுத்தகாலத்துக் கெடுபிடிகள் தணிந்தபின் இந்தப் புத்தகமே தேவையில்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கையும் அந்த மகாநாட்டினருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பதை விமான நிலைய வரிசைகளில் நின்றவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாடிழந்த ருஷ்ய அகதிகளுக்காக 1922-இல் அந்தச் சங்கத்தின் அகதிகள் கமிஷனர் நான்ஸென் ஏற்பாடு செய்த பத்திரம் ஒரு வருஷ ஆயுள் கொண்டது. 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் பிரயாணப் பத்திரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வருஷ ஆயுள் என்று வரையறுத்தவர்கள், விசேஷ சந்தர்ப்பங்களில் அகதி திரும்பி வருவதற்குரிய காலத்தைக் குறுக்கினாலும் அது மூன்று மாதத்துக்குக் குறையக்கூடாது என்றும் விதித்தார்கள். பத்திரத்தின் ஆயுளைத் திரும்பிப் போகும் உரிமையோடு பிணைத்த இந்தச் சிந்தனைதான் நம் விஷயத்துக்குத் திறவுகோல்.

விருந்தாளியாக வருகிறவனை எந்த சர்க்காரும் ஒரு பயத்தோடுதான் வரவேற்கிறது: இவன் குறித்த நாளில் போகாவிட்டால், இவனைத் திருப்பி ஏற்றுக்கொள்ள ஒரு தேசம் இருக்குமா என்பதே அந்தப் பயம். ஆகவே அவன் தங்கும் காலத்துக்கு மேலும் சில மாதங்கள் பாஸ்போர்ட் உயிரோடிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஷெங்கன் நாடுகள், புறப்படும் நாளுக்கு அப்பால் மூன்று மாதம் கேட்பதோடு, புத்தகம் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறது: தற்காலிகமாக வருகிறவனுடைய பாஸ்போர்ட், அனுமதித்த காலம் முடிந்து ஆறு மாதம்வரை, அவன் வந்த தேசத்துக்குத் திரும்பவோ வேறொரு தேசத்துக்குப் போகவோ இடமளிப்பதாக இருக்க வேண்டும் என்பது அதன் வாசகத்தின் பொருள். அதே பிரிவில், நிரந்தரமாகக் குடியேற வருகிறவனைப் பற்றிப் பேசும் வாக்கியத்தில் இந்த ஆறு மாதம் இல்லை. காலாவதியாகாத பாஸ்போர்ட் வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நிற்பதே நியாயம். திரும்பிப் போவதாகச் சொல்லாதவனிடம் திரும்பிப் போவதற்கு ஜாமீன் கேட்பதில் அர்த்தமில்லை.

அப்படியானால் குடியேறுகிறவனிடம் பாஸ்போர்ட் எதற்காகக் கேட்கப்படுகிறது? இன்னார்தான் இவர் என்றும் இன்ன தேசத்துப் பிரஜை என்றும் அத்தாட்சி காட்டுவதற்காக. விசாவை ஒட்டுவதற்கு ஒரு பக்கம் வேண்டுமென்பதற்காக. விமானக் கம்பெனி ஏற்றிக்கொள்ள வேண்டுமென்பதற்காக. மனுப் போடும் நாள், மனு தீர்மானிக்கப்படும் நாள், அந்த மண்ணில் இறங்கும் நாள், இறங்கியபின் வாழும் வருஷங்கள் என்று நாலு கட்டங்களாக வைத்துக்கொண்டால், முதல் இரண்டில் பாஸ்போர்ட் அடையாளச் சீட்டு மட்டுமே. மூன்றாவதில்தான் அதன் கடைசித் தேதிக்குப் பல் முளைக்கிறது. ஜனங்களின் கவலையோ பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே செலவாகிவிடுகிறது.

கனடாவை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், தகுதிப் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யும்போதே செல்லுபடியான பாஸ்போர்ட்டின் எண்ணைக் கொடுக்க வேண்டும். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்பிவிட வேண்டும். இங்கே குறைந்தபட்சம் இத்தனை மாதம் மீதமிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆகையால் எட்டே மாத ஆயுள் உள்ள புத்தகத்தோடு மனுப் போட்டுவிட்டு, 'ஒன்றும் சொல்லவில்லையே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் அநேகர். மனு அங்கீகரிக்கப்பட்டு, பாஸ்போர்ட்டை அனுப்பும்படி கடிதம் வந்து, சென்னையிலுள்ள விசா மையத்தில் அதை ஒப்படைத்துச் சில வாரங்களில் திரும்பப் பெறும்போதுதான் விஷயம் புலப்படும். குடியேற்ற விசாவிலும், நிரந்தர வாசத்தை உறுதிசெய்யும் பத்திரத்திலும் ஒரு கடைசி நாள் அச்சாகியிருக்கும். அந்த நாள் எப்படி வந்தது? மருத்துவப் பரிசோதனை 12 மாதம் செல்லும். பாஸ்போர்ட் அதன் தேதிவரை செல்லும். இவ்விரண்டில் எது முந்தி முடிகிறதோ அதுவே விசாவின் முடிவு. அதை நீட்டிக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. அந்த நாளுக்குள் கனடா மண்ணில் கால் வைக்காதவர் நிரந்தரவாசி ஆகவில்லை, அவ்வளவுதான்.

இதில் பெரியவர்களுடைய புத்தகத்தைவிடக் குழந்தையின் புத்தகமே அதிகத் தொல்லை தருகிறது. நம் தேசத்தில் பெரியவர்களுக்குப் பத்து வருஷம். சிறுவர்களுக்குச் சாதாரணமாக ஐந்து வருஷம், அல்லது பதினெட்டு வயது நிரம்பும்வரை, இவற்றில் எது முந்தியோ அது. தகப்பனாருக்கு ஏழு வருஷமும் தாயாருக்கு ஆறு வருஷமும் மீதமிருக்க, பிறந்த சில மாதங்களில் எடுத்த குழந்தையின் பாஸ்போர்ட்டில் நாலே மாதம் மீதமிருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விசா ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேதியோடு வருகிறது. பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனைக் கணக்குப்படி ஒன்பது மாதம் இருந்தாலும், குழந்தைக்கு நாலு மாதம். வேலையை விட நோட்டீஸ் கொடுத்து, வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை விற்று, மூத்த பிள்ளையின் பள்ளி வருஷம் முடிந்து, சாவகாசமாகப் புறப்படலாம் என்று போட்ட கணக்கெல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தின் தேதிக்கு முன்னால் நிற்காது. சில சமயம் அதிகாரியே புதுப் புத்தகம் வாங்கி அனுப்பும்படி எழுதுவதுண்டு. அப்படி எழுதுவது உபகாரம், ஆனால் அதை நம்பி இருப்பது விவேகமாகாது.

தேதி தவறினால் வரும் சங்கடம் எவ்வளவு என்பதை 2020-ஆம் வருஷத்துத் தொற்றுநோய் காலம் காட்டிற்று. மார்ச் 18-ஆம் தேதிக்குப் பிறகு அங்கீகாரம் பெற்றவர்களில் பெரும்பாலோர் கனடாவுக்குள் வர இயலாமல், 2021 ஜூன் மாதம் கதவு திறக்கும்வரை சொந்த ஊரிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அநேகருடைய உறுதிப் பத்திரங்கள் கையிலிருந்தபடியே காலாவதியாகிவிட்டன. அந்த மனிதர்களுடைய தகுதியில் ஒரு குறைவும் நேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தகுதியைத் தீர்மானிக்க ஒரு சட்டமும் தேதியைத் தீர்மானிக்க வேறொரு சம்பிரதாயமும் இருந்துவருவதால் நேரும் விபரீதம் இது.

அமெரிக்காவில் நிலைமை வேறு விதம். அண்ணன் தம்பிக்காகப் போட்ட மனுவும், வேலை வழியே போட்ட மனுவும் இந்தியர்களுக்குப் பத்து, பதினைந்து வருஷம் வரிசையில் நிற்பது சகஜமாகிவிட்ட தேசம் அது; மனுப் போட்ட அன்று இருந்த பாஸ்போர்ட் வரிசையின் நடுவிலேயே செத்துப்போயிருக்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைசியில் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கும் நாளில்தான் புத்தகம் உயிரோடிருக்க வேண்டும். குடியேற்ற விசா அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். அதற்கு மேலும் 60 நாள் பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்பது வெளிநாட்டிலாகாவின் ஒழுங்குவிதி. ஆனால் அதே இலாகா மனுதாரர்களுக்குத் தரும் குறிப்பில், நுழைய உத்தேசிக்கும் நாளுக்கு அப்பால் ஆறு மாதம் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. விருந்தாளிக்கு ஏற்பட்ட ஆறு மாதம் குடியேறுகிறவனுடைய காகிதத்துக்குள்ளும் புகுந்துவிட்ட விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

எச்-1பி விசாவில் ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்துகொண்டு கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பொறி வேறிடத்தில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர், விசாவும் வேலை அனுமதியும் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதென்ற தைரியத்தில், ஏழு மாதத்தில் முடியும் பாஸ்போர்ட்டை எல்லை அதிகாரியிடம் நீட்டுகிறார். அதிகாரி பாஸ்போர்ட் முடியும் நாள்வரைதான் தங்க அனுமதி பதிந்து அனுப்பிவிடுவது வழக்கம். பிற்பாடு இவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டாலும், ஐ-94 என்னும் அந்தப் பதிவு தானாக நீளாது. அதைச் சரிசெய்துகொள்ளாமல் வேலைக்குப் போய்வருகிறவர், தாம் அறியாமலே அனுமதி கடந்து தங்கியவராகிவிடுகிறார். வேலை வழியே கிரீன் கார்டு கேட்பவர்களுக்கு இப்படிப்பட்ட பிசகுகளை 180 நாள்வரை மன்னிக்கும் பிரிவு ஒன்று சட்டத்தில் இருப்பது பெரும் ஆறுதல். ஆனால் 180 நாள் என்பது, கவனியாதவருக்கு எண்ணுவதற்குள் போய்விடும் காலம்.

ஆஸ்திரேலியா இவ்விஷயத்தில் முன்னேறிய வழியில் போய்விட்டது. செல்லுபடியான பாஸ்போர்ட் இருக்க வேண்டும், அல்லது அதைக் கேட்பது நியாயமற்றதாக இருக்க வேண்டும் என்று இரண்டு வாசல் வைத்து எழுதப்பட்ட விதி அங்கே உண்டு. விசா ஒட்டுச் சீட்டுகளை 2015-இல் நிறுத்திவிட்டபடியால் விசா கணினியில் இருக்கிறது. புத்தகம் மாறினால் எண்ணைத் தெரிவித்தால் போதும். நிரந்தர விசா கிடைத்தபின் முதல் ஐந்து வருஷம் போய்வரும் வசதியும் விசாவைச் சார்ந்ததே தவிரப் பாஸ்போர்ட்டின் ஆயுளைச் சார்ந்ததன்று.

பிரிட்டனும் வாச அனுமதிக்குரிய கையட்டையை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாக்கி மின்விசாவுக்கு மாறிக்கொண்டது. ஆனால் அங்கே நிரந்தர வாசம் கேட்பவருக்குப் புதுப் பாஸ்போர்ட்டைவிடப் பழைய பாஸ்போர்ட்டுகளே அதிகம் உதவும். எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் தேசத்தைவிட்டு வெளியே இருக்கவில்லை என்று காட்ட வேண்டிய வழிகளில், முத்திரைகள் பதிந்த செத்த புத்தகங்கள்தாம் சாட்சி. காகிதமில்லாத உரிமை என்ன பாடு படும் என்பதையும் அந்தத் தேசமே உலகத்துக்குக் காட்டியது: மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குழந்தைப் பருவத்தில், சிலர் பெற்றோருடைய பாஸ்போர்ட்டிலேயே பெயர் சேர்க்கப்பட்டு வந்திறங்கி, 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நிரந்தர வாச உரிமை பெற்றிருந்தவர்கள், அரை நூற்றாண்டு உழைத்து ஓய்ந்த வயதில் அத்தாட்சி காட்ட முடியாமல் வேலையும் வைத்தியமும் இழந்து அவதிப்பட்டது 2018-இல் வெளிவந்தது. அவர்கள் வந்திறங்கிய சீட்டுகளை உள்நாட்டு இலாகாவே 2010-இல் அழித்துவிட்டிருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பாஸ்போர்ட் கேட்டால் கிடைக்கிறவர்களைப் பற்றியது. கேட்டாலும் கிடைக்காதவர்கள், கேட்கவே அஞ்சுகிறவர்கள் உண்டு. இந்தப் பிரச்சினையின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. கனடா 1993-இல், அகதியென்று ஏற்கப்பட்டவர்களும் நிரந்தர வாசம் பெறப் பாஸ்போர்ட் முதலிய அடையாளப் பத்திரங்கள் கொடுத்தாக வேண்டுமென்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. சோமாலியாவில் அப்போது பாஸ்போர்ட் வழங்கச் சர்க்காரே இல்லை. ஆப்கானிஸ்தானத்தின் நிலை அதைவிடச் சிறந்ததன்று. அந்த இரண்டு தேசத்தவருக்காக 1997-இல் ஒரு தனி வகுப்பு ஏற்படுத்தி, ஐந்து வருஷம் காத்திருந்தால் பத்திரமில்லாமலே வாசம் தரலாம் என்றார்கள். குற்றம் ஏதும் செய்யாதவருக்கு விதித்த இந்த ஐந்து வருஷத்தைத் தண்டனை என்றல்லாமல் வேறு பெயரிட்டு அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 2002-இல் வந்த ஒழுங்குவிதிகளில்தான், பாதுகாப்புப் பெற்றவர் பாஸ்போர்ட் பெற முடியாதபோது, வேறு அடையாளப் பத்திரத்தையோ, தம்மை முன்பே அறிந்தவர்கள் தரும் சத்தியப் பிரமாணத்தையோ கொடுக்கலாம் என்று நிலையான ஏற்பாடு அமைந்தது.

ஜெர்மனியில் பாஸ்போர்ட் வைத்திருப்பதே ஒரு சட்டக் கடமை. 2005 முதல் அமலிலுள்ள வாசச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதை விதிக்கிறது; ஐந்தாம் பிரிவு, வாச அனுமதி எதற்கும் அக்கடமையை நிறைவேற்றியிருப்பதைப் பொது நிபந்தனையாக்குகிறது. சொந்தத் தேசத்திடம் பாஸ்போர்ட் பெறுவது நியாயமாக எதிர்பார்க்கத் தகாததாயின் ஜெர்மானிய சர்க்காரே பிரயாணப் பத்திரம் தரலாம். எது நியாயம், எது தகாது என்பதில்தான் வழக்குகள் எழுகின்றன. எரித்திரியத் தூதரகம், தேசத்தைவிட்டு ஓடியது குற்றமென்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டால்தான் பாஸ்போர்ட் என்று சொன்னபோது, அப்படிக் கையெழுத்திடும்படி ஒருவரை நிர்ப்பந்திக்கலாகாது என்று 2022 அக்டோபரில் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையிலிருந்து யுத்தகாலத்தில் வெளியேறி ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு, தூதரக வாசற்படியை மிதிக்கத் தயங்கும் அந்த மனோநிலையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தேசத்தின் மீது பயமில்லாதபோதும் பாஸ்போர்ட் கிடைக்காமல் போகலாம்: 2024-இல் இலங்கையில் வெற்றுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்தரமுல்லைக் காரியாலயத்தின் முன்னால் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அச்சடிக்கப் புத்தகம் இல்லாத சர்க்காரின் பிரஜை, வேறொரு சர்க்காரின் விண்ணப்பத்தில் தேதி தவறியவராகிறார்.

இந்தியாவில் அத்தகைய தட்டுப்பாடு இல்லை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் வழக்கில், வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னபின், அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. அதுவரை பாஸ்போர்ட் என்பது சர்க்காரின் தயவாக இருந்தது. இன்று சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நாலு ஊர்களிலும் பிராந்தியக் காரியாலயங்கள் இருக்கின்றன. அவசரமென்றால் தட்கல் இருக்கிறது. ஆனால் ஆயுள் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்துதான் சாதாரணமாக ரீ-இஷ்யூவுக்கு மனு ஏற்பார்கள். ஆகவே 'இரண்டு வருஷம் இல்லாமல் தொடாதே' என்ற உபதேசம், ஒன்றரை வருஷம் மீதமுள்ளவரை ஆறு மாதம் சும்மா உட்காரச் சொல்வதற்குச் சமம். கனடாவைப் போல விரைவாகத் தீர்மானிக்கும் தேசத்துக்கு ஒன்றரை வருஷம் போதும்.

புதுப்பித்தலில் தேதி மட்டும் மாறுவதில்லை, எண்ணும் மாறுகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் தாளில் பழைய எண். பாஸ்போர்ட் காரியாலயம் தந்த போலீஸ் சான்றில் பழைய எண். விண்ணப்பத்தில் புது எண். இவற்றை இணைக்கும் பாலம் புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: பெற்றோர் பெயர், துணைவர் பெயர், விலாசம் ஆகியவற்றுக்குக் கீழே, பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் அது வழங்கிய நாளும் இடமும் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து, ஒரு விளக்கக் கடிதத்தோடு சேர்த்துவிட்டால் கேள்விக்கு இடமில்லை. தமிழர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் வருகிறது. பாஸ்போர்ட் படிவம் இனிஷியலை ஏற்பதில்லை. விரித்தெழுதிய தகப்பனார் பெயர் ஒரு தடவை குடும்பப்பெயர்க் கட்டத்திலும், அடுத்த தடவை இடப்பெற்ற பெயரோடு சேர்ந்தும், இன்னொரு தடவை காணாமலும் போவதுண்டு. பாட்டனார், தகப்பனார், பேரன் மூவருக்கும் மூன்று குடும்பப்பெயர் இருப்பது நமக்கு இயல்பு. வெளிநாட்டு அதிகாரிக்கு அது சந்தேகம். மனு நிலுவையில் இருக்கையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நேர்ந்தால், பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வது, தேதியைக் கவனிப்பதைவிட முக்கியம்.

வாசம் கிடைத்துவிட்டபின் பாஸ்போர்ட் காலாவதியானால் அந்த உரிமை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவிலும் அமெரிக்காவிலும் நிரந்தர வாசம் என்பது ஆளுக்குக் கிடைத்த அந்தஸ்து. புத்தகத்தோடு அது சாவதில்லை. கனடாவில் ஐந்து வருஷத்தில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும் என்பது வேறு கணக்கு.

சர்க்கார்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு: விசா கணினிக்குப் போய்விட்ட இக்காலத்தில், குடியேறுகிறவரின் விசாத் தேதியைப் பாஸ்போர்ட் தேதியோடு கட்டிப்போடுவதை விட்டுவிட்டு, இறங்கும் நாளில் செல்லுபடியான புத்தகம் ஒன்று கையிலிருந்தால் போதுமென்று ஆஸ்திரேலியாவைப் போல் வைத்துக்கொள்ளலாம். அது நடக்கும்வரை, மனுப் போட எண்ணுகிறவர்கள் மொழித் தேர்வுக்குப் பணம் கட்டுமுன் வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும், குழந்தையினுடையதை முதலாவதாக, எடுத்துத் தேதியைப் பார்க்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் முடிகிறதாயின் ரீ-இஷ்யூவுக்கு எழுதிப்போட்டுப் புது எண்ணோடு மற்றக் காரியங்களைத் தொடங்க வேண்டும். ரத்து முத்திரையிட்டுத் திருப்பித் தரும் பழைய புத்தகத்தையும் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.